தேவாங்கு என்னும் சொல்

வெண்முகில் மலைமுடி தழுவ, மிளகுக்கொடி மரந்தோறும் படர, பழுத்த பலாவின் மணம் பள்ளமெங்கும் கமழ, மாலை வெயில் மெல்லச் சாயும் வேளையில் குண்டூர் நாட்டுச் சோலை எப்படிக் கிடந்தது என்கிறீர்கள்? பாதி உறக்கத்தில் சிரிக்கும் குழந்தைபோலக் கிடந்தது, அன்பரீர்! அச்சோலையின் ஒற்றையடித் தடத்தில், செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் கண்டு மகிழும் கூட்டமொன்று நடந்து சென்றது. அதன் கடைசியில் முகம் வாடி வந்தவள், காரவள்ளியூர்ச் சுகந்தி.

அவளை வாட்டியவன், கூட்டத்தை வழிநடத்தி முன்னே சென்ற சுதாகர். அவளுக்கென்று பேசி முடித்த மணமகன். வெற்றிலை பாக்கு மாற்றிய நாளில், உற்றார் நிறைந்த அவையில், அவளை வாயாரத் "தேவாங்கு" என்று அழைத்துவிட்டான், பொல்லாதவன்! மெலிந்த உடலும் பெரிய கண்ணுமாய்ப் பிறந்ததற்காகப் பள்ளி நாள்முதல் ஊரார் அவளை இழித்துரைத்த சொல் அது. அவை கொல்லென்று சிரித்தது. அவள் நெஞ்சு சுக்குநூறாயிற்று. நடை முடிந்ததும், 'இம்மணம் வேண்டா' என்று அவன் முகத்துக்கு நேரே உரைத்துவிடவே இன்று மலையேறி வந்திருந்தாள்.

பாறையைப் பற்றி வளர்ந்து, ஆட்டுக்கால்போல் மயிர் போர்த்துக் கிடந்த முடவாட்டுக்கால் கிழங்கைச் சுதாகர் காட்ட, எல்லாரும் தொட்டுத் தொட்டு வியந்தனர். அவன் காட்டியதைத் தொடுவதாவது! வீம்போடு விலகிச் சென்ற சுகந்தி, அடுத்த மரக்கவட்டில் சுருண்டு கிடந்த வேறொரு கிழங்கை நோக்கிக் கை நீட்டினாள்.

அம்மம்ம! கிழங்கு கண் விழித்தது.

பழுப்பு மயிர்ப்பந்தின் நடுவே இரண்டு பெருவிழிகள், ஈரம் மின்ன, அச்சமின்றி அவளையே நோக்கின. விரல் நீண்ட சிறு கையொன்று மெல்ல எழுந்து, மெல்லக் கிளையைப் பற்றியது. சுகந்தி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"ஏனுங்க... இது என்னதுங்க?"

சுதாகர் ஓசையின்றி அருகில் வந்தான். "அசையாம நில்லு, கண்ணு. இதுதான் தேவாங்கு."

பெயரை ஆயிரம் முறை கேட்டு அழுதவள், உருவைப் படத்திலும் பார்க்க மறுத்தவள், இப்போது கண்ணெடுக்க மாட்டாமல் நின்றாள்.

"இதைப் பாக்கத்தான் நான் காடு காடா அலையறேன். இத்தனை அழகான கண்ண நான் வேற எங்கயும் பாத்ததில்ல. அன்னிக்கு உன்னையப் பாத்ததும் அந்தப் பேரு தானா வந்துருச்சு. ஊரு அதை வசவாச் சொல்லுதுங்கறதே, எல்லாரும் சிரிச்சப்பத்தான் எனக்கு உறைச்சுது. உங்கிட்ட வந்து சொல்ல வாயி வரலை, கண்ணு."

தலை கவிழ்ந்தே பள்ளிக்கு நடந்த தன் சிறுவயதை எண்ணி, சுகந்திக்கு அழுகை பொங்கியது. அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"ஊட்டுக்குள்ள மட்டும் அப்பிடிக் கூப்புடுங்க," என்றாள். "நாலு பேரு முன்னால கூப்பிட்டீங்கன்னா, அப்பறம் நான் பேசவே மாட்டேன், ஆமா!"

மாந்தர் தன் பெயரை இழிசொல்லாக்கி வைத்திருப்பதை ஏதும் அறியாத அவ்வுயிர், இலைகளூடே மெல்ல ஏறி மறைந்தது. அது சென்ற திக்கையே, தாழாத விழிகளால், நெடும்பொழுது பார்த்து நின்றாள் சுகந்தி.