கூரை திறந்தால் கேட்காத குரல்

"அப்பா, கார் சாவியைக் குடுங்க."

கேட்டே விட்டாள். வேறு என்ன வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் அந்த மனுஷன்கிட்ட கேட்டுடாதே என்று அம்மா தலையிலடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். காலைக் காப்பி ஆறுவதற்குள் கேட்டுவிட்டாள்.

அப்பா மணிக்கட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, நாற்காலி மேல் வெள்ளைத் தொப்பி. கல்யாணச் சவாரி உடுப்பு.

"எதுக்கு பாப்பா? உனக்கு ஓட்டத் தெரியாதே."

"நான் ஓட்டறதுக்கு இல்ல. நீங்க ஓட்டாம இருக்கறதுக்கு."

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. தானாக விழவில்லை, அம்மா போட்டாள்.

அப்பா ஓட்டுவது வாடகைக்கு விடும் கடையின் கார். வெளிர்நீலத்தில் நீளமாக இருக்கும். ஒரு பொத்தானை அமுக்கினால் துணிக்கூரை மடிந்து மடிந்து பின்பக்கம் போய் ஒடுங்கிக்கொள்ளும். பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்காகத்தான் அந்தக் காரைக் கேட்டு வருவார்கள். தலைக்கு மேல் வானம் இருந்தால்தான் படம் நன்றாக வருமாம். காலைச் சவாரி இருந்தால் முதல் நாளே காரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்துவிடுவார். இன்றும் அது வாசலில்தான் நிற்கிறது.

ஒரு காலத்தில் இந்த ஊரே அவர் உள்ளங்கையில் இருந்தது. எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கடைக்காரர் கண்ணாடியில் வழிகாட்டும் கருவியை ஒட்டிக் கொடுத்த நாளில் அவர் பண்ணிய கேலி கொஞ்சநஞ்சமல்ல. அதில் பேசும் பெண் குரலுக்கு வாயாடி என்று பேர் வைத்தார். "நான் திரும்பினப்புறம் திரும்புங்கறா. அப்படியே உங்கம்மா" என்பார். அம்மாவும் விடமாட்டாள். "என் பேச்சைத்தான் கேக்கறதில்ல, அவ பேச்சையாவது கேளுங்க."

அந்தக் கேலி எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. இவளும்தான்.

பிறகு ஒரு பழக்கம் வந்தது. காலையில் அப்பா குளிக்கிற நேரத்தில் அம்மா போய்க் காரில் உட்கார்ந்துகொள்வாள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, அன்றைக்குப் போகவேண்டிய இடங்களையெல்லாம் கருவியில் ஏற்றிவைப்பாள். முதலில் பூ அலங்காரத்துக்குக் கடை, கடையிலிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து பூங்கா, பூங்காவிலிருந்து வீடு. "என்னம்மா, இந்த வயசுல புருஷனுக்கு இவ்வளவு சேவை?" என்று இவள் சீண்டுவாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெட்கம் என்று நினைத்தாள் இந்தப் பட்டதாரி. குடும்பத்தில் முதல் பட்டம். அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு என்ன பயன்?

கூரை மூடியிருக்கிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை. வாயாடி சொல்வாள், அப்பா திரும்புவார். கூரை திறந்தால்தான் வினை. காற்று அவள் குரலை வாரிக்கொண்டு போய்விடும். மேலே வெயில் விழுந்தால் திரை வெளுத்துப்போய் அவர் முகத்தையே அவருக்குக் காட்டும். அம்மா பிஸ்கட் டப்பா அட்டையை வெட்டி, உள்பக்கம் ஷூ பாலிஷைத் தேய்த்துக் கறுப்பாக்கி, கருவிக்கு ஒரு மறைப்பு செய்துகொடுத்தாள். குரலுக்கும் வழி பண்ணினாள். சின்ன ஸ்பீக்கர் ஒன்றை அப்பாவின் சட்டைக் காலருக்குள் வைத்துத் தைத்தாள். ஒரு கல்யாணப் படத்தில் அதன் ஒயர் தெரிந்துவிட்டது. கடைக்காரர் அதைப் பிடித்து இழுத்துப் பிய்த்தார். "என்னய்யா இது, ஆஸ்பத்திரியிலேருந்து எழுந்து வந்தவன் மாதிரி?"

இதெல்லாம் எதற்காக என்று இவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் தெரிந்தது வீடியோ.

இவள் வேலை பார்ப்பது இன்ஷூரன்ஸ் ஆபீசில். நாள் பூரா நொறுங்கிய கார்களின் படங்களைப் பார்த்து, யார் தப்பு என்று குறிப்பு எழுதுகிற வேலை. முந்தாநாள் பக்கத்து இருக்கைக்காரி செல்போனை நீட்டினாள். "இங்க பாரேன், சிரிச்சே செத்துடுவே."

பூட்டிய இரும்பு கேட் முன்னால் கூரை திறந்த வெளிர்நீலக் கார். வெள்ளை உடுப்பு டிரைவர் இறங்கி, பின்கதவைத் திறந்து, மடியில் பூங்கொத்து வைத்திருந்த கல்யாணப் பெண்ணிடம் கையை நீட்டுகிறார்.

"இறங்கு பாப்பா. மணி அடிச்சிடும். பேனா எடுத்துக்கிட்டியா?"

பெண் திகைக்கிறாள். மாப்பிள்ளை சிரிக்கிறான். படம் பிடிக்கிறவனும் சிரிக்கிறான், படமே குலுங்குகிறது. டிரைவருக்கு அது எதுவும் உறைக்கவில்லை. புத்தகப் பையை வாங்கிக்கொள்வது போல நீட்டிய கை நீட்டியபடியே இருக்கிறது. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

இவள் முதலில் அடையாளம் கண்டது அந்த முகத்தை அல்ல. முன்கண்ணாடியில் இருந்த பிஸ்கட் டப்பா அட்டையை. அப்புறம் அந்த கேட்டை. இவள் படித்த கல்லூரி கேட். பரீட்சை நாளில் யாருடைய காரை ஓட்டிக்கொண்டிருந்தாலும், நடுவில் வந்து இவளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுவாரே, அதே கேட்.

"தண்ணி போட்டிருக்கான் கிழவன்" என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

"அது எங்கப்பா."

சிரிப்பு நின்றது. வீடியோ நிற்கவில்லை. கார் திரும்புகிறது, ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக நுழைகிறது. ஸ்கூட்டரில் வந்த பெண்மணி ஒடித்துத் திருப்பி, சறுக்கி, விழுகிறாள். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த இடத்தை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். இவளுக்கு அதுதான் தொழில். கவனித்தாள்.

அன்று சாயங்காலம் அம்மாவைப் பிடித்து உலுக்கினாள். அம்மா அழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரிடம் ஏன் கூட்டிப்போகவில்லை என்றதற்கு, "டாக்டர் ஒரு வரி எழுதினா லைசென்ஸ் போயிடும்" என்றாள். "பேரு மறக்குதுடி, தெரு மறக்குது. ஸ்டியரிங்கைத் தொட்டா மட்டும் பழைய ஆளாயிடறாரு. அதையும் புடுங்கிட்டா அவர்கிட்ட என்னடி மிச்சம் இருக்கும்? நீ எதை வேணா கேளு, சாவியை மட்டும் கேட்டுடாதே."

இப்போது கேட்டாகிவிட்டது.

அப்பா நாற்காலியில் இருந்த தொப்பியை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"அன்னிக்கு நடந்ததுக்கா?"

"ஆமாப்பா."

"அந்தப் பொண்ணு உன் ஜாடை பாப்பா. கண்ணாடியில பாத்தேன், நீதான்னு நெனச்சுட்டேன்." கொஞ்சம் சிரித்தார். "வாயாடி பேசறது கேக்கல. கேட்டிருந்தா ஒழுங்காப் போயிருப்பேன்."

"ஸ்கூட்டர்ல வந்த அம்மா விழுந்தாங்களே, அது?"

"எந்த ஸ்கூட்டர்?"

ஏமாற்றுகிற முகமில்லை. பாடம் நடத்தாத கேள்வி வந்த பிள்ளையின் முகம். அதைப் பார்க்கப் பார்க்க இவளுக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வரவேண்டிய இடத்திலெல்லாம் கோபம் வந்து நிற்பது இவள் சுபாவம்.

"சரி, ஒண்ணு பண்றேன்" என்றார், பேரம் பேசுகிறவர் போல. "இனிமே கூரையை மூடிட்டே ஓட்டறேன். மொதலாளிகிட்ட நீயே சொல்லு. நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா கேப்பாரு."

"கூரையை மூடினா அந்தக் காரை யாருப்பா கேப்பாங்க?"

அவர் தலையாட்டினார். அதுவும் நியாயம்தான் என்பது போல. கை மட்டும் சட்டைப்பையின் மேல் போய் மூடிக்கொண்டது.

"இது என் சாவி இல்ல பாப்பா. கடைச் சாவி. நம்பிக் குடுத்திருக்காங்க. எம்பொண்ணே கேட்டாலும் தூக்கிக் குடுத்துட முடியுமா? மொதலாளி கேட்டா குடுத்துடறேன்."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனார். நடையில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

அம்மா வந்து நிலைப்படியை மறித்து நின்றாள். "திருப்தியா? இன்னிக்கு ஒரு சவாரி, அதை முடிச்சுட்டு வரட்டும். நாளைக்குப் பேசிக்கலாம்."

"இதே நாளைக்குப் பேச்சைத்தான் நீ எத்தனை மாசமா பேசிட்டிருக்கே?"

"உன்னைப் படிக்கவெச்ச கைடி அது."

"தெரியும்மா. அந்தக் கையால ஒரு உசிரு போயிடக்கூடாது. போச்சுன்னா அந்தப் படம் என் மேஜைக்குத்தான் வரும். வீட்டுல தெரிஞ்சே விட்டாங்கன்னு நானே எழுதணும். எழுதவா?"

அம்மா முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள். துடைத்துவிட்டு வழக்கம்போலக் காரை நோக்கி நடந்தாள்.

இவள் பையைத் தோளில் மாட்டினாள். வீடியோ இன்னும் கடைக்காரர் கண்ணில் படவில்லை. அவருக்குப் போன் பண்ணலாம்தான். ஆனால் ஒரு ஆளின் பிழைப்பைப் போனில் பறிக்கக்கூடாது. நேரில் நின்று, "எங்கப்பாவுக்கு இனி முடியாது, சாவியை வாங்கிக்குங்க" என்று தன் வாயால் சொல்லவேண்டும். அதற்கப்புறம் அப்பா தன் முகத்தைப் பார்ப்பாரா மாட்டாரா என்பதையும் இவள் யோசித்துவிட்டாள். மாட்டார். இல்லாவிட்டால், யார் சொன்னது என்பதையே மறந்து பார்ப்பார். எது பெரிய கஷ்டம் என்று இவளுக்குத் தெரியவில்லை.

வாசலில் அப்பா கூரையைத் திறந்து வைத்திருந்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கையும். பக்கத்து இருக்கையில் அம்மா, எதிரே கண்ணாடியில் கருவி. அட்டை மறைப்புக்குள் வெளிச்சம் தெரிந்தது. அம்மாவின் விரல் அதன் பக்கம் போகவே இல்லை. இரண்டு கைகளையும் கோர்த்து மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் ஏற்றிவைக்காமல் அந்தக் கார் நகராது. அது அம்மாவுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். அவளால் சொல்லக்கூடிய சம்மதம் அவ்வளவுதான்.

"எங்க கிளம்பிட்டே பாப்பா?"

"கடைக்குப்பா."

"நம்ம கடைக்கா? நானும் அங்கதானே போகணும்." எதிரே நீண்டு கிடந்த தெருவை ஒருமுறை பார்த்தார். இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார். பிறகு, சங்கடப்படாமல், கடையில் சில்லறை கேட்கிற மாதிரி கேட்டார். "இங்கேருந்து எந்தப் பக்கம் திரும்பணும்?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

இவள் கையை நீட்டிக் காட்டினாள். "வலது பக்கம்ப்பா."

"சரி, நீ முன்னாடி போ. உன் நடைக்கு மெதுவா நாங்க பின்னாலயே வரோம்."

தெருவில் இறங்கி, வலது பக்கம் திரும்பி, நடந்தாள்.