வெயிலில் காய்ந்த முதுகு

முடிச்சாயம் கலக்கினால் கை அரிக்கிறது என்று தம்பி மனைவி சொன்னதை, அழகு நிலையம் நடத்திய நாத்தனார் நம்பவில்லை. மருத்துவர் முதுகில் சாயத்தை ஒட்டிச் சோதித்தபோதும் தடிப்பு எழவில்லை.

“பாத்தியா? எல்லாம் வேலைக்கு டிமிக்கி குடுக்குற நடிப்பு!” என்றார் கூட வந்திருந்த நாத்தனார்.

மருத்துவரின் சந்தேகமோ முதுகின் மேல் விழுந்தது. “ஏம்மா இப்படிக் கறுத்திருக்கு?”

“சோதனைக்கு முன்னாடி வெயில் பட்டா கிருமி சாகும்னு அண்ணிதான் தினமும் மொட்டைமாடியில உக்கார வச்சாங்க” என்று நாத்தனாரைக் காட்டினாள்.

“வெயில்ல இருக்குற புற ஊதாக்கதிர் தோலோட ஒவ்வாமையை அடக்கிடும்மா. கொஞ்ச நாள் வெயில் படாம இருங்க, மறுபடி ஒட்டிப் பாப்போம்.”

“ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?” என்றார் நாத்தனார்.

மறுமுறை சாயம் ஒட்டிய இடம் சிவந்து தடித்தது. இனி அவள் சாயத்தைத் தொடக் கூடாது என்றார் மருத்துவர். நாத்தனார் குனிந்து, விரலில் எச்சில் தொட்டு, அந்தச் சிவப்பு அழிகிறதா என்று தேய்த்துப் பார்த்தார்.