தொப்பைக்குச் சர்க்கரை

ஏழு வருடங்களாக அந்த வீட்டில் அக்காவும் தம்பியும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. பேசவேண்டியதை எல்லாம் பூனையிடம் சொல்வார்கள்.

"தொப்பை, கேஸ் தீரப்போகுதுன்னு அந்த ஆளுகிட்ட சொல்லு" என்பாள் அக்கா. "தொப்பை, நேத்தே சொல்லியாச்சு, இன்னைக்கு வரும்னு அவங்ககிட்ட சொல்லு" என்பான் தம்பி, இரண்டடி தள்ளி நின்றுகொண்டு. தொப்பை இருவரையும் பார்த்துக் கொட்டாவி விடும். அம்மாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது என்று ஆரம்பித்த சண்டை அது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள், சண்டை மட்டும் போகவில்லை. தம்பிக்குப் பூட்டு ரிப்பேர் தொழில். எவன் வீட்டுப் பூட்டையும் ஐந்து நிமிஷத்தில் திறந்துவிடுவான், சொந்த வீட்டில் வாயைத்தான் திறக்கமாட்டான். அக்கா மட்டும் லேசுப்பட்டவளா? ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. நாள் முழுக்க ஊராரின் சர்க்கரையைப் பார்த்துச் சொல்லி, "ஸ்வீட்டைக் குறைங்க சார், கொஞ்சம் நடங்க சார்" என்று கேட்காமலே அறிவுரையும் கொடுப்பவள்.

அவள் வீட்டுப் பூனைக்கே சர்க்கரை வந்தது. வராமல் என்ன செய்யும்? காலையில் இவள் ஒரு கிண்ணம் உலர்தீனி போடுவாள். இவள் குளிக்கப் போனதும் அவன் ஒரு கிண்ணம் போடுவான். பூனை யார் மடியில் அதிக நேரம் உட்காருகிறது என்பதில் இருவருக்கும் போட்டி வேறு. ஜன்னல் ஓரத்தை விட்டு நகராமல் தின்று தின்று அது பூசணிக்காய் போல ஆனது. பார்த்தவர்கள் எல்லாம் "எவ்வளவு அழகா கொழுகொழுன்னு இருக்கு" என்றார்கள். இவர்களுக்கும் பெருமை தாங்கவில்லை.

பிறகு அது தண்ணீர்க் கிண்ணமே கதி என்று கிடந்தது. அது ஒன்றுக்குப் போகும் மண் தட்டை ஒரு நாளைக்கு மூன்று முறை மாற்றவேண்டி வந்தது. எவ்வளவு தின்றாலும் உடம்பு வற்றியது. ஐயோ பாவம், இளைக்கிறதே என்று இருவரும் தனித்தனியாக இன்னும் கொஞ்சம் போட்டார்கள். ஒருநாள் பின்னங்கால்கள் தரையோடு படிய அது தவழ்வதுபோல நடந்துவந்தபோதுதான் அக்காவுக்கு உறைத்தது. லேபுக்கு வரும் எந்த மனிதனாவது இதையெல்லாம் சொல்லியிருந்தால் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பாள். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

பூனை டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னாள். "ஆரம்பத்திலேயே எடை ஏறாம பாத்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. பரவாயில்லை. உலர்தீனியை நிறுத்துங்க. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சாப்பிட்டதும் இன்சுலின் ஊசி. சர்க்கரை நல்லா கட்டுப்பட்டா சில பூனைங்களுக்கு ஊசியே தேவைப்படாம போயிடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா போடாதீங்க. ஒரு வேளை விட்டுப்போனா ஒண்ணும் ஆகாது. ரெண்டு தடவை போட்டா உயிருக்கே ஆபத்து."

காலை ஏழு மணி ஊசி தம்பியுடையது, மாலை ஏழு அக்காவுடையது. இந்த ஏற்பாடும் தொப்பை வழியாகத்தான் நடந்தது. ஒன்றரை மாதத்தில் நானூற்றைம்பதில் இருந்த சர்க்கரை முந்நூறுக்கு இறங்கியது. தொப்பை ஒருமுறை கட்டில்மேல் தாவக்கூடச் செய்தது. அன்று அக்கா சமையலறையில் தனியாக நின்று சிரித்தாள். அந்தப் பூனையும் இல்லாவிட்டால் இந்த வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு விடுமுறையான ஒரு காலையில் ஏழு மணிக்கு எழுந்து பார்த்தால் தம்பியைக் காணவில்லை. கருவிப்பையும் இல்லை. யாரோ சாவி இல்லாமல் வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டு கூப்பிட்டிருக்கவேண்டும். தொப்பை காலிக் கிண்ணத்தின் முன்னால் கத்திக்கொண்டிருந்தது. கிண்ணம் கழுவி வைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது. ஊசி போட்டுவிட்டுப் போனானா, போடாமல் ஓடிவிட்டானா?

போனை எடுத்தாள். அவன் நம்பர் மனப்பாடம், ஆனால் ஏழு வருடமாக ஒருமுறைகூட அழுத்தியதில்லை. நானாகப் போய் முதலில் பேசவேண்டுமா? எனக்கு என்ன தலையெழுத்தா? போனைக் கீழே வைத்துவிட்டுச் சர்க்கரை மீட்டரை எடுத்தாள். பூனையின் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம். முந்நூற்றுப் பத்து.

"பாத்தியா தொப்பை, போடாமலே ஓடியிருக்கான் பொறுப்பில்லாதவன்!"

ஊசி மருந்து சர்க்கரையை இறக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இது அவளுக்குத் தெரியாததா? அவன்மேல் இருந்த கோபத்தில் அந்த நிமிஷம் ஞாபகத்துக்கு வரவில்லை. எண்ணை நம்பியே பிழைப்பு நடத்துகிறவள், எண்ணை நம்பினாள். தீனி வைத்தாள். பூனை நாலு வாய் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதையும் அவள் சட்டை செய்யவில்லை. ஏழேகாலுக்கு ஊசியைப் போட்டாள்.

பத்தரைக்குத் தொப்பை தள்ளாடியது. பிறகு விழுந்து வெட்டி வெட்டி இழுத்தது. ஈறில் சர்க்கரைத் தண்ணீரைத் தடவி, துண்டில் சுற்றிக்கொண்டு, போனைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

"தொப்பையோட சர்க்கரை மீட்டர்லயே பதியல. அவ்வளவு கம்மி" என்றாள் டாக்டரம்மா, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே. "உங்களுக்கு முன்னாடி வேற யாராவது ஊசி போட்டாங்களா?"

கிளினிக் போனில் தம்பியின் நம்பரை அழுத்தினாள். உடனே எடுத்தான்.

"காலையில ஊசி போட்டியா?"

 "ஆறேகாலுக்கே சாப்பாடு வச்சுப் போட்டுட்டேனே. ஏன்?"

 "கிளினிக்குக்கு வா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். கால் மணி நேரத்தில் கையில் எண்ணெய்க் கறையோடு ஓடிவந்தான். அவள் சொல்லத் தேவையே இருக்கவில்லை, டாக்டரம்மா சொன்னாள். இழுப்பு நிற்கவே இல்லை. மதியம் இரண்டு மணிக்குத் தொப்பையின் உயிர் அடங்கிவிட்டது.

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?" என்று கேட்டாள் டாக்டரம்மா. பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.

மேஜைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி. அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவன் பூனையின் காதைத் தடவிக்கொண்டே நின்றான்.

"காலையில போனைக் கையில எடுத்தேன்டா" என்றாள். "உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம விட்டுட்டேன்."

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"கூப்பிட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுக்கா. உன் நம்பர்னா நான் எடுத்திருக்கமாட்டேன்."