கடையில் சாப்பிடுவோம் என்றார்

கண் விழித்தபோது மணி ஆறரை. அடுப்பு பற்றாமல் கிடந்தது. திடுக்கென்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வெளியே போகிற நாளில் ஆறரை மணி வரை நான் படுத்துக் கிடந்தது கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. இன்றைக்குச் சமைக்க வேண்டியதில்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. மறுபடியும் படுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. வராவிட்டால் என்ன, சும்மா படுத்திருப்பதே எவ்வளவு சுகம்! ஈப்போ பக்கத்தில் குனோங் ராபாட்டுக்குக் குடிவந்து ஏழு வருடமாகிறது. வீட்டுக்குப் பின்னால் நிற்கிற சுண்ணாம்பு மலையில் வெயில் இறங்கி வருவதை அன்றைக்குத்தான் நிதானமாகப் பார்த்தேன்.

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப் போக வேண்டும் என்பது என் வீட்டுக்காரருடைய கொள்கை. நல்ல கொள்கைதான், நான் குறை சொல்லவில்லை. தைப்பிங் மிருகக்காட்சிசாலை, லூமுட் கடற்கரை, கோலா கங்சார் ஆற்றங்கரை எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் கடையில் சாப்பிடுவது என்று பேச்செடுத்தால் மட்டும் மனுசருக்குக் காய்ச்சல் கண்டுவிடும். "கடைக்காரன் என்னா வெல விக்கிறான் தெரியுமா? நீ ஆக்குனா அதுல கால்வாசியில முடிஞ்சிரும்லா" என்பார். முடிந்துவிடும்தான். யாருடைய முதுகில் முடிகிறது என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாரா?

மூன்று மணிக்கு எழுந்து தேங்காய் துருவிப் பால் பிழிந்து, சோறு ஆக்கி, நெத்திலிச் சம்பல் வதக்கி, முட்டை அவித்து, எல்லாவற்றையும் அடுக்குச் சட்டியில் அடைத்து, பாய், தட்டு, தண்ணீர் என்று மூன்று பை தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். போன இடத்தில் மரத்தடியில் விரித்துப் பரிமாற வேண்டும். குரங்கு வந்தால் விரட்ட வேண்டும். குழாயடியில் தட்டுக் கழுவ வேண்டும். வீட்டுக்கு வந்து சட்டியை மறுபடியும் தேய்க்க வேண்டும். அவர்கள் நான்கு பேரும் ஊர் பார்த்தார்கள். நான் என் குசினியை ஊர் ஊராகச் சுமந்துகொண்டு போனேன். இந்தச் சாமான் விலை இருக்கிறதே, அது ஏற ஏற அவர் சம்பளத்தில் குறைகிறதோ இல்லையோ, என் தூக்கத்தில் அரை மணி நேரம் குறைந்துவிடும்.

கடைச் சாப்பாடு நான் சாப்பிட்டதே இல்லையா என்றால், சாப்பிட்டேன். கல்யாணமான புதிதில் கோலா கங்சாரில் ஒரு கடையில் இலை போட்டுச் சாப்பிட்டோம். மூத்தவள் வீரம்மா அப்போது வயிற்றில். ஈப்போ வந்து சேருவதற்குள் அத்தனையையும் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அதோடு சரி. அதற்கு அடுத்த வருடம் விலை ஏறிவிட்டது என்றார். அதற்கும் அடுத்த வருடமும் அதையேதான் சொன்னார். நான் சுங்காயில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து கித்தா மரத்தில் பால் வெட்டியவள். விடியாமல் எழுந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துப் பழகிய உடம்புதான் இது. டவுனுக்கு வாழ்க்கைப்பட்டால் அதற்கும் முன்னால் எழ வேண்டியிருக்கும் என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

அதனால்தான் இந்தத் தடவை ஒரு வாரத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். "இந்தா பாருங்க, நான் சோறு கட்டிக்கிட்டு வரமாட்டேன். கடையில சாப்புடுறதா இருந்தா வாரேன். இல்லாட்டி நீங்களே புள்ளைங்கள கூட்டிட்டுப் போயிட்டு வாங்க." அவர் வாயில் சோறு இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "சரிலா, கடையிலயே சாப்புடுவோம். இது ஒரு பெரிய விசயமா?" என்றார். சத்தியமா என்று கேட்டேன். சத்தியம் என்றார். எனக்குப் பட்டுப் புடவை வேண்டாம், சங்கிலி வேண்டாம். ஒரே ஒரு வேளை நான் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது வந்து என் இலையில் சூடாகச் சோறு போட வேண்டும். எண்பத்தோராம் வருடம் முடிவதற்குள் இது ஒன்று நடந்தால் போதும் என்று இருந்தது.

காலையில் ஈப்போ டவுன் பூங்காவில் பிள்ளைகள் மூன்றும் ஆடித் தீர்த்தன. மூத்தவள் வீரம்மாவுக்குப் பதினொன்று, கார்த்திகேசுக்கு ஒன்பது, கடைக்குட்டி சீனிக்கு ஆறு. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கிற லகாட் ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். முதல் கடையிலேயே கோழிக் குழம்பு வாசனை ரோடு வரை வந்தது. கூட்டமும் இருந்தது. நான் உள்ளே கால் வைத்துவிட்டேன். அவர் வாசலில் தொங்கிய விலைப்பலகைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

என் வீட்டுக்காரர் தண்ணீர் இலாகாவில் வீடு வீடாகப் போய் மீட்டர் படிக்கிறவர். எதைப் படித்தாலும் அதே மாதிரிதான், குனிந்து, கண்ணைச் சுருக்கி, யாரோ திருடுகிறார்கள் என்ற சந்தேகத்தோடு படிப்பார். பலகையில் பழைய விலையின் மேல் புது விலையைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். அவர் நகத்தால் அந்தக் காகிதத்தின் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"அண்ணே, அதச் சொரண்டாதீங்கண்ணே" என்றார் கல்லாவில் இருந்தவர்.

"போன வருசம் என்னா வெல போட்டிருந்தீங்கன்னு பாக்குறேன்."

"அதத் தெரிஞ்சுக்கிட்டா பசி அடங்கிருமா? கோழி ஏறிருச்சு, எண்ண ஏறிருச்சு, வேல ஆளு சம்பளம் ஏறிருச்சு. நாங்க மட்டும் எறங்கி நிக்க முடியுமாண்ணே?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவருக்கு ஒன்றும் கூசவில்லை. வெளியே வந்து, "ரொம்ப மஹால்லா, வெல ஜாஸ்தி. ஈப்போவுல இவன் ஒருத்தன்தான் கட வச்சிருக்கானா? வா, அடுத்த கடையப் பாப்போம்" என்று நடந்தார். கடையா இல்லை ஈப்போவில், பார்த்துக்கொண்டே போகலாம் என்று நானும் பின்னாலேயே போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டாவது கடையில் விலை கொஞ்சம் குறைவு. ஆனால் சீனிக்கும் முழு விலை. "ஆறு வயசுப் புள்ளலா! கையளவு சோறு திம்பானா?" என்று வாதாடினார். "எல போட்டா எலக்காசுண்ணே, தின்னாலும் சரி, தின்னாட்டியும் சரி" என்றார்கள். சீனியை என் மடியில் உட்கார வைத்து என் இலையிலேயே ஊட்டச் சொன்னார். தலைக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் 'ஓர் இலையில் ஒருவர் மட்டும்' என்று எழுதியிருந்தது. எங்களை மாதிரி எத்தனை குடும்பம் வந்து போயிருந்தால் இப்படி எழுதி வைப்பார்கள்! மூன்றாவது கடையில் அவரே ஒரு யோசனை கண்டுபிடித்தார். ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய், ஒரு தேத்தண்ணி, வேலை முடிந்தது. "நான் ரொட்டி கேக்கல" என்றேன். "ரொட்டியும் கடச் சாப்பாடுதானே?" என்றார். சீனியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வாயைத் திறந்தால் நடுரோட்டில் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

மணி ஒன்றரை. ரோடு கொதித்தது. சீனிக்குப் புதுச் செருப்பு கடித்து அழ ஆரம்பித்துவிட்டான். கார்த்திகேசு ஐந்தடிக்கு ஒரு முறை "பசிக்குது" என்றான். அப்போதுதான் என் வீட்டுக்காரர் நின்று, முகத்தைத் துடைத்து, தேனாகப் பேச ஆரம்பித்தார்.

"நல்லம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாத. பஸ் ஏறுனா அரை மணி நேரத்துல வீடு. போற வழியில ஒரு கோழி வாங்கிக்குவோம். இவனுங்க கொழம்பும் ஒரு கொழம்பா? ஒன் கை பட்டா அந்த ருசியே வேறலா."

பழைய குருடி கதவைத் திறடி! பன்னிரண்டு வருடத்தில் என் குழம்பை ஒரு நாள் வாய்விட்டு நல்லா இருக்கிறது என்று சொன்னதில்லை இந்த மனுசர். நடுரோட்டில் நிற்க வைத்து இன்றைக்குச் சொல்கிறார். எனக்கு அழுகை வந்ததா ஆத்திரம் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வீரம்மா என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, சண்ட வேணாம்மா. நான் ஆக்குறேன். நீங்க படுத்துக்குங்க. எனக்குத்தான் சோறு வடிக்கத் தெரியுமே."

"பாத்தியா! புள்ளைக்கு இருக்குற புத்தி!" என்று அவர் அவள் தலையைத் தடவினார்.

அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். காலையெல்லாம் ஊஞ்சலில் பறந்த பிள்ளை, இப்போது நாற்பது வயதுக்காரி மாதிரி நின்றது. வீட்டில் சண்டை வராமல் இருக்க வேண்டுமானால் தான் போய் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும் என்று பதினொரு வயதில் அது கற்றுக்கொண்டுவிட்டது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான்தான். ஒவ்வொரு வருடமும் மூன்று மணிக்கு எழுந்து எழுந்து நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சீனியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வீரம்மாவின் கையை விடவில்லை. வந்த வழியே திரும்பி நடந்து, முதல் கடைக்குள் போய், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த மேசையில் உட்கார்ந்தேன். "அஞ்சு எல போடுங்க. எல்லாருக்கும் கோழி" என்றேன். குரல் சத்தமாகத்தான் வந்தது.

அவர் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு வந்து என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் இலையை விரிக்கப் போனபோது கையைக் குறுக்கே நீட்டினார். "எனக்கு வேணாம். வயித்துல என்னமோ காத்து மாதிரி இருக்கு. ஒரு தேத்தண்ணி போதும்." ஐந்தாவது இலை சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

காற்றாம் காற்று! எனக்கா தெரியாது? பன்னிரண்டு வருடமாக அந்த வயிற்றுக்குப் போட்டவள் நான். காலையில் இரண்டு பன் தின்றதோடு சரி. பக்கத்து மேசையில் ஒருத்தர் அப்பளம் நொறுக்குகிற சத்தத்துக்கு அவர் தொண்டை ஏறி இறங்குகிறது. அவர் சாப்பிடாமல் நான் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. மத்தியானம் நாலு மணிக்கு வந்தாலும் காத்திருந்து, அவருக்குப் போட்டுவிட்டுத்தான் என் கை தட்டுக்குப் போகும். அது அவருக்கும் தெரியும். அடப்பாவி மனுசா! கடைக்காரன் விலையைக் குறைக்க முடியவில்லை என்று என் பசியைக் குறைக்கப் பார்க்கிறாயே! ஒருவேளை அவர் அப்படி நினைக்காமலும் இருக்கலாம். நாம் ஒருத்தன் சாப்பிடாவிட்டால் குடும்பம் சாப்பிடட்டும் என்று நிஜமாகவே விட்டுக்கொடுத்திருக்கலாம். அதை நினைத்தபோது கோபம் இன்னும் கூடியதே தவிர குறையவில்லை. நானும்தான் விட்டுக்கொடுத்தேன், இத்தனை வருடம். இப்படி ஊர் பார்க்க வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தா விட்டுக்கொடுத்தேன்?

சோறு வந்தது. கோழி வந்தது. பையன்கள் இரண்டு பேரும் குனிந்தவர்கள் நிமிரவில்லை. வீரம்மா மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்புடு" என்றேன்.

"அப்பா?"

"அப்பாவுக்கு வயித்துல காத்து. நீ சாப்புடு."

அவள் கை இலைக்குப் போகவில்லை. நான் எடுத்தால்தான் எடுப்பாள். பிசைந்து ஒரு வாய் வைத்தேன். உப்புக் குறைச்சல். கோழியும் முற்றல். நான் வைத்திருந்தால் இதைவிடப் பத்து மடங்கு நன்றாக வைத்திருப்பேன், அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் சோறு விரலைச் சுட்டது. எல்லாருக்கும் போட்டு முடித்து நான் உட்காரும்போது என் சோறு ஒரு நாளும் சுட்டதில்லை. அடுத்த வாய் எடுத்தேன். அதற்கடுத்த வாயும் எடுத்தேன். வீரம்மாவும் மெதுவாகச் சாப்பிட ஆரம்பித்தாள். அவர் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பக்கத்து மேசைக்காரர்கள் அவருக்கு முன்னால் இலை இல்லாததைப் பார்த்தார்கள், பிறகு என் இலையைப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"சோறு போடவாக்கா?" பரிமாறுகிறவர் வாளியோடு வந்து நின்றார். என் கை தானாகப் போய் இலையை மறைத்தது. போதும் என்ற சொல் நாக்கு வரை வந்துவிட்டது. போதவில்லை. கையை எடுத்தேன். "போடுங்க" என்றேன். அவர் ஒரு கரண்டி போட்டார். நான் கையை நீட்டித் தடுக்காததைப் பார்த்து இன்னொரு கரண்டியும் போட்டார்.

பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, நெசமாவே வேணாமா? ஒரு எல போட்டுரவா?"

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குச் சோறு போதுமா, தேத்தண்ணிக்கு இனிப்பு வேண்டுமா என்று யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், சொல்கிறவள் நான்தான். கோயில் அன்னதானத்திலும் கல்யாணப் பந்தியிலும் அவர் இப்படித்தான் என்னைத் திரும்பிப் பார்ப்பார். பரிமாறுகிறவரும் என்னைப் பார்த்தார். வீரம்மா வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தியிருந்தாள். தூக்கிய கரண்டியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

நான் சோற்றில் குழி பறித்து, "இதுல கொழம்பு ஊத்துங்க" என்றேன்.