மாகறல் சாக்குகள்

செய்யாறு கரையை உடைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சர்ச்சிலிருந்து வந்த கோதுமை ரவையும் பால் பவுடரும் உத்திரமேரூர் கடைத்தெருவில் கௌஸ் பாயின் கிடங்கில் அடுக்கியிருந்தன. ஊர் எட்டு, மாட்டுவண்டி ஒன்று. இன்று வண்டி எந்த ஊருக்கு என்று சொல்லும் பொறுப்பு சிட்டம்மாளுடையது. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்திருந்ததால் அவள் தலையில் விழுந்தது அது.

அவள் அக்கா அம்முலு மாகறலில் இருந்தாள். கைக்குழந்தைக்காரி, தாய்ப்பால் வற்றிப்போயிருந்தது. அதனாலேயே சிட்டம்மாள் தன் மனசை நம்பப் பயந்தாள்.

ஊர்க்காரர்கள் எத்தனை மூட்டை வேண்டும் என்று எழுதி பஸ் கண்டக்டரிடம் சீட்டு கொடுத்தனுப்புவார்கள். முதல் வாரம் ஓர் ஊர் மூன்று மூட்டை கேட்டது, இன்னோர் ஊர் ஆறு கேட்டது. கேட்டதில் பாதிதான் கிடைக்கிறது என்று தெரிந்ததும் எட்டு ஊரும் ஒரே மாதிரி எழுத ஆரம்பித்தன: பத்து மூட்டை, மிக அவசரம்.

"எட்டு சீட்டும் ஒரே பேச்சு பாய். வந்தாலும் ஒண்ணுதான், வராங்காட்டியும் ஒண்ணுதான்" என்றாள்.

ஊருக்கு ஊர் மாறுகிற ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது அவளுக்கு. காலிச் சாக்குகளைப் பஸ்ஸில் திருப்பி அனுப்பச் சொன்னாள். எங்கே சீக்கிரம் தீர்கிறதோ அங்கிருந்து சாக்கு சீக்கிரம் வரும்.

"சீட்ட வுட்டுட்டு சாக்கப் படிக்கிறியா?" என்று வண்டிக்கார முனியன் சிரித்தான். ஆனால் பெருநகரிலிருந்து இரண்டே நாளில் ஏழு சாக்கு வந்தது. வண்டியை அங்கே அனுப்பினாள். திரும்பி வந்த முனியன் சிரிக்கவில்லை. "டப்பாவ வழிச்சிக்கினு இருந்தாங்கம்மா" என்றான்.

மாகறலுக்குப் போன பன்னிரண்டு சாக்கில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. சீட்டு மட்டும் தினம் வந்தது. பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் சிட்டம்மாள் தெருவுக்கு ஓடி பஸ்ஸின் கூரையைப் பார்த்தாள். பெருநகர்ச் சாக்கு, வேறு ஊர்ச் சாக்கு. திரும்பி வந்து உட்காருவாள், எழுந்திருப்பாள், எண்ணிய மூட்டைகளையே மறுபடி எண்ணுவாள்.

"உங்க அக்கா ஊராச்சேம்மா. ஒரு நடை அனுப்பிடேன்" என்றார் கௌஸ் பாய்.

"அக்கா ஊருன்னுதான் பாய் அனுப்பல. அங்க இன்னும் சரக்கு கீது. சாக்கு வரல பாருங்க."

"ஒன்னால ஒரு எடத்துல ஒக்கார முடியலியே. போயாவது பாத்துட்டு வா."

மேலும் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் காலை நான்கு மூட்டை ரவையும் ஒரு டப்பா பவுடரும் ஏற்றிக்கொண்டு முனியனோடு தானே புறப்பட்டாள். வழியெல்லாம் மாட்டை விரட்டச் சொல்லி அவனைப் பிடுங்கி எடுத்தாள்.

ஊர் எல்லையில் பெண்கள் நின்றிருந்தார்கள். வெள்ளைச் சாக்குத் துணியைப் பிரித்து, பனைநாரால் தைத்து, இடுப்பில் சுற்றியிருந்தார்கள். குழந்தைகளின் முதுகில் சாக்கின் நீல அச்செழுத்து.

"ரவ தீந்து ஆறு நாளாவுது" என்றாள் செல்லாயி என்ற கிழவி.

"சாக்க ஏன் அனுப்பல?"

"நல்லா கேட்ட போ! துணிமணி, வூடு எல்லாம் ஆத்தோட பூடுச்சி. சாக்க அனுப்பிட்டு அம்மணமா நிக்கச் சொல்றியா?"

அம்முலு புதிதாய்ப் போட்ட ஓலைக் குடிசை ஒன்றின் மறைவிலிருந்து வந்தாள். அவள் கை இரண்டும் வெறுமையாகத் தொங்கின. சிட்டம்மாள் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

"புள்ள முந்தா நாளு பூடுச்சி" என்றாள் அம்முலு. "தெனம் சீட்டு எழுதச் சொன்னேனே சிட்டு. வந்து சேரலியா?"

வந்து சேரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படியே சொல்லிவிடு என்பதுபோலத்தான் முனியன்கூட அவளைப் பார்த்தான்.

"வந்துச்சிக்கா. எல்லாத்தையும் படிச்சேன்."

அம்முலு வண்டியருகே வந்து பவுடர் டப்பாவைத் தானே தூக்கி, அங்கே கைக்குழந்தையோடு நின்ற இன்னொருத்தியிடம் கொடுத்தாள். தங்கை பக்கம் திரும்பாமலேயே குடிசைக்குள் போனாள்.