ஐஸ்கிரீம் வரிசையில் விற்ற முடிவு

1

இந்தக் கதை ஒரு டப்பா சாக்லேட் ஐஸ்கிரீமுக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது. நஷ்டம்தான், மறைக்கவில்லை.

பத்திரிகை கேட்டது வேறு. வாழ்க்கை, வேலை, பொழுதுபோக்கு பற்றி உங்கள் அபிப்பிராயங்களை லேசாக எழுதுங்கள் என்றார்கள். எங்கள் ஊரான கமாகுவேயில் அபிப்பிராயத்துக்கு என்றைக்குப் பஞ்சம்? குழாயில் தண்ணீர் வராத நாளிலும் அது வரும். உட்கார்ந்தேன்.

"வாழ்க்கை என்பது ஒரு நீண்ட வரிசை" (வேண்டாம். எல்லோரும் எழுதியாயிற்று.)

"வெயில் சுட்டெரித்த ஒரு வெள்ளிக்கிழமை" (இங்கே எந்த வெள்ளி சுடாமல் இருந்தது?)

நேராகவே வருகிறேன். வியாழன் இரவு பிரேசில் தொடரின் கடைசிப் பகுதி. ஊரே மாதக்கணக்கில் பார்த்த தொடர். கதாநாயகி லூசியானாவின் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். ஓடிப்போன கணவனா? காத்திருந்த டாக்டரா? அவள் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறாள். ஊரில் கரண்ட் போய்விட்டது.

2

மறுநாள் காலை, சதுக்கத்து ஐஸ்கிரீம் கடை. எங்கள் வரிசையில் யாரும் வரிசையாக நிற்பதில்லை. வந்ததும் "கடைசி யாரு?" என்று கேட்டு, கை தூக்குகிறவரின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு வாதாமர நிழலில் ஒதுங்கிவிடுவோம்.

"கடைசி யாரு?" என்று ஓடி வந்தாள் நெரெய்தா.

"நான்தான் கண்ணு," என்றாள் சலூன் வைத்திருக்கும் தோமாசா. "ஆனா வீண். சாக்லேட் ரொம்பக் கொஞ்சமாத்தான் வந்திருக்காம். போய்ப் பொழப்பப் பாரு."

நெரெய்தா போக முடியாது. அன்று அவள் மகளுக்குப் பிறந்தநாள். சாக்லேட் ஐஸ்கிரீம் உண்டு என்று மகள் தெரு முழுக்கத் தண்டோரா போட்டிருந்தாள்.

(முதல் வரைவில் மகளுக்குக் காய்ச்சல் வைத்தேன். அது வளர்ந்து கடைசி ஆசை வரை போனது. கிழித்துவிட்டேன். காய்ச்சல் இல்லாத குழந்தைக்கும் ஐஸ்கிரீம் வேண்டும்.)

"நேத்து எங்க தெருவுல கரண்ட் போகல," என்றாள் நெரெய்தா, மரத்தைப் பார்த்து.

தோமாசாவின் விசிறி நின்றது. "முடிவு பாத்தியா? சொல்லுடி!"

"உங்களுக்கு முன்னாடி ஒரு எடம் கெடச்சா சொல்றேன்."

மூன்று கணவர்களைப் பார்த்தவள் தோமாசா. மூவர் மேலும் அவளுக்கு அபிப்பிராயம் உண்டு. நெரெய்தா அவள் காதில் சொன்னாள்: "ரெண்டு பேர் மூஞ்சிலயும் கதவச் சாத்திட்டு, லூசியானா சொந்தமா தையக்கட வக்கிறா."

"அப்படிப் போடு! போ முன்னாடி!"

அடுத்தவர் கிளோடோமிரோ, ஓய்வுபெற்ற ரயில் கார்டு. மனைவி வீட்டைவிட்டுத் துரத்திவிட்டதால் இப்போது மைத்துனன் வீட்டு சோபாவில் படுக்கிறார். அவருக்கு வேறு முடிவு: "வந்தது புருஷன்தான். கால்ல விழுந்தான். மன்னிச்சு உள்ள கூட்டிக்கிட்டா."

"பாத்தியா, மனுஷனுக்கு ஒரு சான்ஸ் குடுக்கணும்." கிளோடோமிரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு வழி விட்டார்.

இப்படியே முன்னேறினாள். ஒரு நர்ஸுக்கு டாக்டரைக் கொடுத்தாள். பைபிளோடு நின்ற அம்மாளுக்காக லூசியானாவைக் கன்னிமடத்தில் சேர்த்தாள்.

3

வரிசையில் இரண்டாவது ஆள் நான்.

"நீங்க கத எழுதறவர்ல? உங்ககிட்ட உள்ளதச் சொல்றேன். கதவத் தொறக்கறா. அவ்ளோதான், ஒரே இருட்டு."

"யாருன்னு காட்டவே இல்லையா?"

"காட்டல."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. என்ன துணிச்சல்! கலை என்றால் இதுவல்லவா என்று இடத்தைக் கொடுத்தேன்.*

*ஆறாவது வரைவு எழுதும்போதுதான் உறைத்தது: அது தொடரின் முடிவல்ல, அவள் தெருவின் மின்வெட்டு. அந்த வரிசையில் உண்மை எனக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது. ஏமாந்தவனும் நானே.

4

முதல் ஆள் தொப்பியைத் தூக்கித் திரும்பினார். நெரெய்தாவின் ஆபீஸ் மேலதிகாரி எவெலியோ.

"நெரெய்தா! ஆபீஸ் நேரத்துல இங்க என்ன?"

"மீட்டிங் சார். நீங்க?"

"நானும்... மீட்டிங்லதான்."

"அப்ப ஒரே மீட்டிங்தான் சார்."

கடைக் கதவு திறந்தது. "சாக்லேட் ஒரே ஒரு டப்பா! மத்ததெல்லாம் கொய்யா!"

பின்னால் நடந்த பேரமெல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும், எவெலியோ குரலை உயர்த்தினார். "எங்க அக்கா வீடு ஆஸ்பத்திரி பக்கம். அங்க கரண்ட் போகாது. நேத்து முடிவ நான் முழுசா பாத்தேன்."

நெரெய்தாவின் முகம் வெளுத்தது.

"தையக்கட வச்சாளா, இல்லையா?" என்று தோமாசா ஓடி வந்தாள்.

"தையக்கடயா? மன்னிச்சாள்ல?" என்றார் கிளோடோமிரோ.

"கன்னிமடம்னு சொன்னியே, பாவி!"

நிழலில் இருந்த அத்தனை பேரும் வெயிலுக்கு வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். எவெலியோ கை தூக்கினார்.

"நெஜ முடிவு மகா மட்டம். இத்தன மாசமும் தண்டம். நீ ஒண்ணு சொல்லு நெரெய்தா. எல்லாருக்கும் சேத்து ஒரே முடிவு. ஒருத்தர் மூஞ்சி சுளிச்சாலும் டப்பா எனக்கு."

நெரெய்தா புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"கதவத் தொறந்தாளா..." என்று ஆரம்பித்தாள்.

5

இந்த இடத்தில் நானே ஒரு முடிவு சொல்லிப் பார்த்தேன்.

"கணவனும் டாக்டரும் தையல்கடையில் பட்டன் தைத்துக்கொண்டு" (தோமாசா கைதட்டுவாள். கிளோடோமிரோ சுளிப்பார்.)

"கதவைத் தட்டியது கரண்ட் பில் கொண்டுவந்த" (எங்கள் ஊரில் இதற்குச் சிரிக்க மாட்டார்கள், அடிப்பார்கள்.)

அவள் சொன்னது வேறு. பக்கத்தில் நின்று முழுக்கக் கேட்டேன். முடிந்தபோது கிளோடோமிரோ சிரித்தார், தோமாசா அழுதாள். தலைகீழாக நடந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம், ஆனால் யார் கேட்டார்கள்? ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. எவெலியோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு விலகி நின்றார்.

அன்று மாலை நெரெய்தாவின் தெருவில் சாக்லேட் கறை இல்லாத ஒரு சட்டையை நான் பார்க்கவில்லை. நான் கொய்யா தின்றேன்.

சரி, அவள் சொன்ன முடிவு?

அங்கே நின்று நான் கற்றது ஒன்றுதான்: முடிவை யாருக்கும் ஓசியில் கொடுக்கக் கூடாது. அடுத்த வெள்ளி மறுபடி சாக்லேட் வருகிறதாம். நான் எப்போதும் போலத் தாமதமாகத்தான் வருவேன். வந்து வாதாமரத்தைப் பார்த்து, "கடைசி யாரு?" என்று கேட்பேன்.

நீங்கள் கை தூக்குங்கள். மற்றதைப் பேசிக்கொள்ளலாம்.