புதிய பதிப்பில் ப்ரியம்வதா

ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த அப்டேட்டை இனியும் தள்ள முடியாது என்று மதுசூதனுக்கு அன்று காலைதான் தெரிந்தது. உள்ளறைக் கம்ப்யூட்டர் திறந்தது, ஆனால் அந்த மென்பொருள் மட்டும் ஓட மறுத்தது. பழைய பதிப்புக்கு இனி ஆதரவு இல்லை என்று திரையில் ஒரே ஒரு வரி. அது படம் உண்டாக்கித் தருகிற ஏஐ மென்பொருள். என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் படமாகத் தரும். ஸ்ரீரங்கம் மேல உத்தர வீதியில் அவனும் மனைவி வைதேஹியும் இருக்கிற ஃப்ளாட்டில், துணி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டியில் அவனே அதை நிறுவியிருந்தான். அவன் அதில் கேட்டது எல்லாம் ஒருத்தியின் படங்களைத்தான். மகள் ப்ரியம்வதா. ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் போனவள்.

அவள் போன பிறகு வைதேஹி பேசுவதையே நிறுத்திவிட்டாள். சமைத்தாள், விளக்கேற்றினாள், கேட்டதற்குத் தலையசைத்தாள். ஜூன் மாதத்தில் ஒருநாள் கீழே தெருவில் ஸ்கூல் வேன் வந்து நின்றபோது, யாரிடமோ சொல்வதுபோல, "இருந்திருந்தா இன்னிக்கு ஆறாவது போயிருப்பா" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் மதுசூதன் இதை ஆரம்பித்தான். சென்னைக் கம்பெனி ஒன்றின் சர்வர்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறவன் அவன். இணையத்தில் இதற்கென்று எத்தனையோ தளங்கள் இருந்தன. குழந்தையின் முகத்தை முகம் தெரியாத எவனுடைய மெஷினுக்கோ அனுப்ப மனசு வரவில்லை. அதனால் எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டான். அவளுடைய போட்டோக்களைக் கொடுத்து அந்த மென்பொருளைப் பழக்கினான்.

முதல் படத்தில் ப்ரியம்வதா ஆறாம் வகுப்பு யூனிஃபார்மில், இரட்டைப் பின்னலோடு நின்றாள். ஹாலில் டிவியில் அதைப் போட்டுக் காட்டியபோது வைதேஹி கிட்டே போய் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரிப்பன் கோணலா இருக்கு. சரி பண்ணுங்கோ" என்றாள். அவன் உள்ளறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

அதற்குப் பிறகு படங்களில் ப்ரியம்வதா வளர்ந்தாள். மார்கழிக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரங்கா ரங்கா கோபுரத்தடியில் நின்றாள். காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துப் படியில் ஈரப் பாவாடையைப் பிழிந்தாள். பன்னிரண்டாவது வயதில் கண்ணாடி போட்டுக்கொண்டாள். ராப்பகலாகப் படிக்கிறவளுக்குக் கண் கெடாமல் எப்படி இருக்கும் என்று வைதேஹி சொன்னதால். நன்றாக வந்த படங்களையும் சேர்த்தே மதுசூதன் அடுத்தடுத்த முறை பழக்கினான். தினமும் விளக்கேற்றிய பிறகு இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். வைதேஹி மறுபடியும் பேச ஆரம்பித்திருந்தாள், மகளைப் பற்றி மட்டும். செல்போனில் இருந்த பழைய போட்டோக்களின் பக்கம் இருவருமே போகவில்லை. அவற்றில் அவள் வளர்வதாக இல்லை.

இப்போது புதிய பதிப்பு, அவள் முகத்தைப் பழக்கி வைத்திருந்த பழைய கோப்பை எடுத்துக்கொள்ளவில்லை. அவன் என்னென்னவோ செய்து பார்த்தான். கடைசியில் முதலிலிருந்து பழக்குவது தவிர வேறு வழியில்லை. ஏஐ தந்த படங்களையே திரும்பக் கொடுத்துப் பழக்கினால் முகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப் போகும், அசல் படங்களை மட்டும் கொடுக்கவும் என்று புதிய பதிப்பின் குறிப்பில் இருந்தது. செல்போன் போட்டோக்கள் இருந்த கோப்புறையைத் திறக்காமலே அப்படியே இழுத்துப் போட்டான். பெட்டி ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் முதல் படம் வந்தது. மதுசூதன் அதை டிவியில் போட்டான். முன்பற்களில் ஒன்று இன்னொன்றின் மேல் லேசாக ஏறியிருந்தது. இடது காது சற்றே விரிந்து நின்றது. தாடைக்கு அடியில் வெள்ளையாக, நகக்கீறல் அளவுக்கு ஒரு தழும்பு. இவ்வளவு நாளும் இவையெல்லாம் எங்கே போயிருந்தன என்று அவனுக்குப் புரியவில்லை. இவை இல்லாமல் போனதை அவன் கவனிக்கவேயில்லை என்பது அதைவிடப் புரியவில்லை. "வைதேஹி, சித்த வாயேன்" என்று கூப்பிட்டான்.

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். டிவியைப் பார்த்தாள்.

"ஏன்னா, இது யாரு?"

"நன்னாப் பாரு."

"நம்ம கொழந்தை இல்லியே. பல்லு இப்படியா இருக்கும் அவளுக்கு?" அவள் இன்னும் கிட்டே போனாள். "மோவாய்ல என்ன அது, தழும்பா? அதை எடுத்துடுங்கோ. கண்ணாடியையும் காணோம்."

செல்போனை எடுத்து, மூன்று வருஷமாகத் தொடாத இடத்துக்குப் போய், கையில் அகப்பட்ட ஒரு போட்டோவைத் திறந்து அவளிடம் நீட்டினான். முக்கொம்பில், கரும்பு ஜூஸ் டம்ளரோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள் ப்ரியம்வதா.

வைதேஹி அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்.

"இதுவும் அந்த மெஷின்லேர்ந்து வந்ததா?"

"இல்ல" என்றான். "இது நீ எடுத்த போட்டோ."

அவள் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள். செல்போனில் அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஒரு படத்தில் நின்றாள். பெரிதாக்கினாள்.

"தெரியறது" என்றாள் கடைசியில். "இப்பத் தெரியறது. ஏன்னா, பெத்தவளுக்கு மறக்குமா?"

மதுசூதன் தரையில், அவள் காலடியில் உட்கார்ந்தான். டிவியில் அந்த முகம் அசையாமல் இருந்தது.

"கண்ணாடி போட்டவ என்ன ஆனா?" என்று கேட்டாள். "இனிமே வரமாட்டாளா?"

"பழைய படமெல்லாம் இருக்கு. புதுசா வராது."

"அவளும் போயிட்டாளா" என்று சொல்லிவிட்டுத்தான் வைதேஹி அழுதாள். மகள் போன அன்று அழுததுபோல, சத்தத்தோடு. அடுத்த வீட்டுக் கதவு திறந்து மூடியது. யாரும் வரவில்லை. அவன் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கண்ணாடிக்காரிக்காகத் தனக்கும் அழுகை வருவது அவனுக்கு வெட்கமாக இருந்தது. இல்லாத பெண். ஆனால் அவளோடும் மூன்று மார்கழி கழிந்திருந்தது.

அழுகை ஓய்ந்ததும் வைதேஹி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தத் தழும்பு எப்படின்னா வந்தது?"

"மொட்டை மாடில ஊஞ்சல்லேர்ந்து விழுந்தா. நான் ஊர்ல இல்ல. நீதான் தூக்கிண்டு ஓடியிருக்க. தையல் போடறச்சே அழவே இல்லையாம். உன் கையைக் கடிச்சுண்டே இருந்தாளாம்."

"யார் சொன்னா?"

"நீதான் சொன்ன. ஃபோன்ல."

அவள் யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி, மனசுக்குள் எங்கோ தேடினாள்.

"எந்தக் கைன்னு சொன்னேனா?"

அவனுக்கு அது ஞாபகம் வரவில்லை. வைதேஹி எழுந்து ஜன்னலருகே போனாள். இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் நீட்டி, முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.